அணி யாருடையது? அயலவர் தனித்தனியே ஆடும் பழைய கேள்வியும் கிழக்குக் கரையும்

1996 பெப்ரவரி 13. கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கையை எதிர்த்து ஆட ஓர் அபூர்வமான அணி இறங்கியது. தலைவர் அசாருதீன். பந்துவீச்சுக்கு வசீம் அக்ரமும் வக்கார் யூனிசும். இந்தியாவும் பாகிஸ்தானும் கலந்து அமைத்த ஒரே அணி அது. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்திருந்தது. உலகக் கிண்ணப் போட்டிக்குக் கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. கொழும்பில் ஆடலாம் என்று காட்டவே அயலார் இருவரும் சேர்ந்து வந்தார்கள். களுவிதாரண ஆட்டமிழந்ததைப் புள்ளிப் பதிவேடு, பிடி டெண்டுல்கர், பந்து வசீம் அக்ரம் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கலப்பணி 4 விக்கெட்டுகளால் வென்றது, அத்தோடு கலைந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 9ஆம் திகதி பெங்களூரில் இரண்டு நாடுகளும் காலிறுதியில் எதிரெதிரே நின்றன.

ஒரு நாள் கூடி ஆட முடிந்தவர்கள் மற்ற எல்லா நாட்களிலும் ஏன் பிரிந்தே ஆடுகிறார்கள்? ‘வேறு வேறு நாடுகள், அதனால் வேறு வேறு அணிகள்’ என்ற பதில் உடனே வந்துவிடும். ஆனால் அது நெடுந்தூரம் போகாது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் ஒரே அரசுக்கு உட்பட்டவை, உதைபந்தாட்டத்தில் நான்கு அணிகள். ஜமைக்காவும் பார்படோசும் இறைமையுள்ள இரண்டு நாடுகள், கிரிக்கெட்டில் ஒரே அணி. அதே ஜமைக்கா ஓட்டப் பந்தயத்துக்கு வந்தால் தனி நாடு. ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிப் போட வேண்டியிருக்கிறது: ஓர் அணியின் எல்லைக்கோட்டைப் போடுவது யார், எதைக் கொண்டு? இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளில் சொல்லப்பட்ட பதில்களையும் அவற்றின் ஓட்டைகளையும் இக்கட்டுரை நோக்குகிறது. தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி வரும் அம்பாறைக் கரையில் இந்தப் பதில்கள் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பது கட்டுரையின் பிற்பகுதி.

முந்தி வந்தவர்கள்

சர்வதேச உதைபந்தாட்டம் என்று சொல்லத்தக்க முதலாவது போட்டி 1872 நவம்பர் 30ஆம் திகதி கிளாஸ்கோவில் நடந்தது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் கோலின்றிச் சமன் செய்தன. அன்று ஸ்கொட்லாந்துக்கு ஓர் உதைபந்தாட்டச் சங்கமே கிடையாது. குயின்ஸ் பார்க் என்ற ஒரே கழகத்தின் ஆட்டக்காரர்கள்தான் ‘ஸ்கொட்லாந்து’ என்ற பெயரில் ஆடினார்கள். சங்கம் உருவானது அடுத்த ஆண்டு, 1873இல். வேல்ஸ் சங்கம் 1876, அயர்லாந்துச் சங்கம் 1880. நான்கும் கூடி விதிகளைக் காக்கும் சபையை 1886இல் நிறுவின. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா பாரிசில் தோன்றியது 1904இல்தான். விருந்தினர் வருமுன்னரே வீட்டுக்காரர் நான்கு பாயையும் விரித்துப் படுத்துவிட்ட கதை.

இதிலிருந்து எழுந்தது முதல் விளக்கம்: தனி அணி என்பது முந்தி வந்தவரின் உரிமை. பிரித்தானியச் சங்கங்கள் 1920இலும் 1928இலும் பீபாவை விட்டு வெளியேறின. 1946இல் திரும்பியபோது நான்காகவே ஏற்றுக்கொள்ளப்பட்டன. இன்றைக்கும் ஆட்ட விதிகளைத் திருத்தும் சபையில் அந்த நான்குக்கும் தலா ஒரு வாக்கு, உலகின் மற்ற எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்து பீபாவுக்கு நான்கு. இந்தச் சலுகை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2012 லண்டன் ஒலிம்பிக் காட்டியது. ஒலிம்பிக்கில் பிரித்தானியா ஒரே நாடு என்பதால் ஒரே அணியாகத்தான் ஆடலாம். ஒரு முறை சேர்ந்து ஆடினால், ‘சேர முடிகிறதே, பிறகேன் நான்கு?’ என்று உலகம் கேட்கும் என்று ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துச் சங்கங்கள் எதிர்த்தன. ஆண்கள் அணி கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் வீரர்களோடு நின்றுவிட்டது.

நம் தீவும் ஓரளவுக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. இலங்கையின் ஒலிம்பிக் குழு 1937இல் அமைந்தது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது இலங்கை பிரித்தானியக் குடியேற்ற நாடு. டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற 1948 லண்டன் ஒலிம்பிக்கின்போது சுதந்திரத்துக்கு ஆறு மாதம்தான் வயது. சங்கமும் அணியும் நாட்டைவிட மூத்தவை.

இந்த விளக்கத்தின் பலம், அது உண்மையில் நடந்ததைச் சொல்கிறது என்பது. பலவீனமும் அதுவே. எப்படி வந்தது என்று சொல்லும், ஏன் நியாயம் என்று சொல்லாது. பிந்தி வந்தவர்களுக்கு அதனிடம் ஒரு சொல்லும் இல்லை.

அரசு என்ற அளவுகோல்

பிந்தி வந்தவர்கள் பெருகியபோது விளையாட்டு அமைப்புகள் ஒரு சுருக்கு வழியைத் தேடின. 1996 முதல், சர்வதேச சமூகம் ஏற்றுக்கொண்ட சுதந்திர அரசையே ‘நாடு’ என்று ஒலிம்பிக் சாசனம் கொள்கிறது. ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமும் சில ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரத்தை அளவுகோலாக வைத்தது. பார்க்கச் சுத்தமான விதி. ஆனால் கதவைச் சாத்தும்போது உள்ளே இருந்தவர்களை யாரும் வெளியேற்றவில்லை. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பெர்மியூடா, ஹொங்கொங் எல்லாம் அப்படியே ஒலிம்பிக்கில் தொடர்கின்றன. உதைபந்தாட்டத்தில் ஹொங்கொங் 1985 மே 19இல் பெய்ஜிங்கில் சீனாவை 2–1 என்று தோற்கடித்தது. 1997இல் சீனாவிடம் கையளிக்கப்பட்ட பிறகும் அதன் அணி தனி அணிதான்.

வெளியே நின்றவர்களின் கதைகள் இன்னும் முரண்பட்டவை. ஸ்பெயினின் எதிர்ப்பைத் தாண்டி, விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தின் வழியே 2013இல் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்துக்குள் வந்தது ஜிப்ரோல்டர். கொசோவோவை 2014இல் ஒலிம்பிக் குழு ஏற்றது. இரண்டையும் 2016 மே மாதம் ஒரே மாநாட்டில் பீபா உள்ளே விட்டது. சன்சிபாரின் நிலை வேறு. ஆபிரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2017 மார்ச்சில் அதை உறுப்பினராக்கியது. நான்கு மாதம் கழித்து, அது தன்சானியாவின் பகுதி, சேர்த்தது தவறு என்று நீக்கியது. டென்மார்க் முடிக்குட்பட்ட பரோ தீவுகளுக்கு உதைபந்தாட்டத்தில் தனி அணி உண்டு, மாற்றுத்திறனாளிகளின் பராலிம்பிக்கிலும் உண்டு, ஒலிம்பிக்கில் இல்லை. ஒரே தீவுக் கூட்டத்தின் மக்கள் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாடாகிறார்கள், அல்லது மாவட்டமாகிறார்கள்.

அரசுதான் அளவுகோல் என்றால் அணி அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இலங்கையின் அண்மைய அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணித் தெரிவுக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அமைச்சர் கிரிக்கெட் நிறுவனத்தைக் கலைத்த சில நாட்களில், சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. 2024 ஜனவரி இறுதியில்தான் தடை நீங்கியது. இறைமையுள்ள அரசு தன் சட்டப்படி கைவைத்தால் ‘நாட்டின் அணி’ நாட்டுப் பெயரில் ஆட முடியாமல் போகக்கூடும். அணி பதிவாகியிருப்பது சங்கத்தின் பெயரில். அரசு வீட்டின் உரிமையாளர் போலத் தோன்றினாலும் உறுதி வேறொருவர் கையில் இருக்கிறது.

சேர்ந்து நிற்பவர்கள்

எல்லா அயலவரும் பிரிந்துதான் ஆடுகிறார்கள் என்பதும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகள் 1928இல் முதல் டெஸ்ட் ஆடியபோது அந்தப் பெயரில் ஒரு நாடு இருக்கவில்லை. 1958இல் கூட்டாட்சி ஒன்று பிறந்தது, 1962இல் மடிந்தது. கிரிக்கெட் அணி அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. பிராங் வொறல் ஒரு முழுத் தொடருக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவரானதன் பொருளை விளங்கிக்கொள்ள சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய நூலைவிடச் சிறந்த வழி இன்றும் இல்லை. அவர் கண்ணில் அந்த அணி, இன்னும் பிறக்காத ஒரு சமூகத்தின் ஒத்திகை.

இப்போது அதே அணி சிக்கலில். 1998 கோலாலம்பூர் பொதுநலவாய விளையாட்டில் கிரிக்கெட் சேர்ந்தபோது மேற்கிந்தியத் தீவுகளுக்கு அங்கே இடமில்லை. ஜமைக்கா, பார்படோஸ், அன்ரிகுவா–பார்புடா தனித்தனியே வந்தன. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கிரிக்கெட் இருக்கிறது. அங்கே கரீபியனிலிருந்து யார் போவது, எப்படித் தெரிவு செய்வது என்ற கேள்வி எழுந்துவிட்டது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் எதிர்மாறான பக்கத்திலிருந்து அதே கேள்விக்கு வருகின்றன.

அயர்லாந்து இன்னொரு மாதிரி. தீவு 1921இல் பிரிந்தபோது உதைபந்தாட்டம் இரண்டாகப் பிளந்தது. றக்பியும் கிரிக்கெட்டும் பிளக்கவில்லை. எல்லைக்கு இரு பக்கத்தாரும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். எந்தத் தேசிய கீதம் பாடுவது என்ற சிக்கலைத் தீர்க்க 1995இல் றக்பிக்கென்றே ஒரு பாட்டை எழுதுவித்தார்கள். கூட்டணியை ஆதரிப்போர் இதைக் காட்டித்தான், மனம் இருந்தால் வழி உண்டு என்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து நிற்கும் அணிகள் பெரும்பாலும் பிரிவினைக்கு முன்பே சேர்ந்திருந்தவை. பிரிந்தபின் புதிதாகச் சேர்ந்து நிலைத்தவை மிக அரிது. கொரியர்கள் 1991 மேசைப்பந்து உலகப் போட்டியில் ஒன்றாக ஆடி மகளிர் தங்கம் வென்றார்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் பனி ஹொக்கியில் மீண்டும் சேர்ந்தார்கள். இரண்டும் 1996 கொழும்பு ஆட்டம் போலத்தான், வந்த வேகத்தில் கலைந்தன.

பதினொரு பேரில் ஒரு தேசம்

சட்டமும் சங்கமும் பேசாததைப் பேசுவது நான்காவது நிலைப்பாடு. கோடிக்கணக்கானோர் கொண்ட தேசம் என்பது கண்ணுக்குத் தெரியாத கற்பனை. பெயர் தெரிந்த பதினொரு பேர் களத்தில் இறங்கும்போதுதான் அது உருவம் பெறுகிறது என்ற கருத்தை எரிக் ஹொப்ஸ்போம் 1990இல் முன்வைத்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1945இல், ஜோர்ஜ் ஓர்வெல் மறுபக்கத்தைச் சொன்னார். நாடுகளுக்கிடையிலான ஆட்டம் பகையை ஆற்றாது, மூட்டிவிடும் என்பது அவர் கட்சி.

தெற்காசியாவில் இந்த வாதத்துக்கு வங்காளதேசத்தைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பாகிஸ்தான் மண்ணில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் 1955 ஜனவரியில் டாக்காவில் நடந்தது. ஆனால் பாகிஸ்தான் டெஸ்ட் அணியில் வங்காளியர் ஒருவர்கூட ஆடியதில்லை. 1971 விடுதலைப் போரின்போது, நாடு பிறக்கும் முன்னரே, ‘சுதந்திர வங்காள’ உதைபந்தாட்ட அணி ஒன்று இந்தியாவில் ஊர் ஊராக ஆடி நிதி சேர்த்தது. கிரிக்கெட்டில் 1999 மே 31இல் நோர்த்தாம்ப்டனில் வங்காளதேசம் பாகிஸ்தானைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டு டெஸ்ட் தகுதி வந்தது. அணியில் இடம் இல்லாமையே தனி அணிக்கான விதையாக இருக்கலாம் என்று இதிலிருந்து சிலர் வாதிடுகிறார்கள். ஓரளவுக்கு ஒப்பலாம். ஆனால் மொழி, பொருளாதாரம், 1970 தேர்தல் எல்லாம் சேர்ந்து செய்ததை ஆட்டக்களத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது.

உணர்வு வாதத்தின் பெரிய குறை, அது எப்போதும் பொருந்திவிடும் என்பது. அணி வென்றால் தேச உணர்வு, தோற்றால் காயப்பட்ட தேச உணர்வு. எந்த முடிவாலும் பொய்யாக்க முடியாத விளக்கம், விளக்கமா என்ற ஐயம் நியாயமானது. மேலும் அது ஒரு மனிதருக்கு ஒரே உணர்வுதான் என்று எடுத்துக்கொள்கிறது. 1996 மார்ச் 17 இறுதியாட்டத்தில் லாகூர்க் கூட்டம் இலங்கையைக் கொண்டாடியது. அது எந்தத் தேச உணர்வு?

வேலிக்குள் வேலி

நாடுகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி மறக்கப்படுவது, ஒரே நாட்டுக்குள் சமூகங்கள் தனித்தனி அணியாக ஆடிய வரலாறு. பம்பாயில் ஐரோப்பியரும் பார்சிகளும் 1892இல் ஒரு கிரிக்கெட் போட்டியைத் தொடங்கினார்கள். 1907இல் இந்துக்கள், 1912இல் முஸ்லிம்கள், 1937இல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்து அணிகளாயிற்று. சமயம்தான் அணியின் எல்லை. 1940இல் காந்தி இதை வெளிப்படையாக எதிர்த்தார். 1946இல் அது நின்றது. அந்த ‘இந்து’ அணிக்குள்ளும் ஒரு வேலி இருந்தது. தன் காலத்தின் தலைசிறந்த பந்துவீச்சாளரான பல்வங்கர் பாலூ தலித் என்பதால் அவருக்குத் தலைமை கிட்டவே இல்லை. தம்பி விட்டல்தான் 1923இல் அதை அடைந்தார். ஓர் எல்லையைப் போட்டால் அதற்குள் இன்னோர் எல்லை தோன்றுகிறது.

கொழும்பில் அந்த வழக்கம் நிற்கவில்லை, உருமாறியது. சிங்களவர் விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899இல் பிறந்தவை. மூர்ஸ், மலாய், பறங்கியர் கழகங்களும் உண்டு. இவற்றுக்கிடையே 1888இலேயே உருவான ஒரு கழகத்தின் பெயர் நொண்டெஸ்கிரிப்ட்ஸ். எந்த அடையாளமும் இல்லாதவர்கள் என்று பொருள். எல்லாரும் பெயர்ப்பலகை மாட்டிய ஊரில், பெயரின்மையையே பெயராக்கிக்கொண்ட குறும்பு. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17இல் தொடங்கியது தமிழ் யூனியனின் மைதானத்தில். அதன் பெயர் பாக்கியசோதி சரவணமுத்துவுக்கு உரியது. முரளிதரன் அந்தக் கழகத்து ஆட்டக்காரர். ரங்கன ஹேரத் மூர்ஸ் கழகத்திலும் தமிழ் யூனியனிலும் ஆடியவர். பெயர் சமூகத்தினுடையதாகவே இருக்க, உள்ளே ஆடுபவர்கள் கலந்துவிட்டார்கள். பம்பாய் ஒழித்துத் தீர்த்ததைக் கொழும்பு தேய்த்துத் தீர்த்தது எனலாம். ஆனால் அந்தக் கலப்பு கொழும்பை விட்டு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்பது தனிக் கேள்வி. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகள். கிழக்குக் கரையின் பெயரில் ஒன்றும் இல்லை.

மாறி மாறி வரும் ஊர்கள்

இனி அம்பாறைக் கரை. ஏ4 வீதியில் வடக்கிலிருந்து வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர் என்று பூமாலையில் இரண்டு நிறம் கோத்ததுபோல் வரும். பேசுவது எல்லாரும் தமிழ். 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள். மேலே கண்ட எந்த அளவுகோலும் இங்கே வந்ததும் சற்றே தடுமாறுகிறது.

மொழியே தேசம், தேசமே அணி என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். புலம்பெயர் தமிழர் அமைத்த ‘தமிழீழ’ உதைபந்தாட்ட அணி 2012இல் குர்திஸ்தானிலும், பீபாவில் இடமில்லாதவர்களுக்காக 2013இல் உருவான கொனிஃபா அமைப்பின் போட்டிகளில் 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் ஆடியது. அரசு இல்லாத மக்களுக்கு ஒரு களம் என்ற வகையில் அதை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. குர்திகளுக்கும் சாமி மக்களுக்கும் பொருந்துவது தமிழருக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பெயர் குறிக்கும் நிலப்படத்துக்குள் இந்தக் கரையும் அடங்குகிறது. கரையின் பெரும்பான்மையோரை எவரும் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையும் நினைவிலிருக்கும்வரை, ஒரே மொழி ஒரே அணி என்பது கேள்வியின் விடையாகாது. கேள்வியின் தொடக்கமே அதுதான்.

இந்த விவாதம் பீபாவைவிட மூத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டும் வேறானவர் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எழுதினார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து நூலொன்று வெளியிட்டார். வேரைத் தேடிய இருவரும் அணி பற்றிப் பேசவில்லை. சட்டசபையில் யார் யாரை எடுத்துச் சொல்வது என்பதே அடியில் ஓடிய நீரோட்டம். பிரதிநிதித்துவம் என்று அதைச் சொன்னால், அணித் தெரிவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். பிற்காலத்தில் கல்முனையின் எம். எச். எம். அஷ்ரப் தலைமையில் முஸ்லிம் காங்கிரஸ் கேட்ட தென்கிழக்கு அலகும் அந்த வழியில் வந்தது.

சமயமே அணி என்ற வாதமோ இங்கே வேறு வடிவத்தில் வருகிறது: பாகிஸ்தான் ஆடும்போது முஸ்லிம் யார் பக்கம் என்ற சந்தேகம். ஆங்கில அரசியல்வாதி நோர்மன் டெபிற் 1990இல் குடியேறியவர்களை அளக்கக் கேட்ட கேள்வியின் உள்ளூர்ப் பதிப்பு இது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது விசுவாசத்தின் உரைகல்லாக நீட்டப்பட்டிருக்கிறது. விசுவாசத்தைக் கைதட்டலில் அளப்பது மிகவும் மோசமான அளவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. வசீமின் பந்துவீச்சை ரசிப்பவருக்கும் நாட்டை வெறுப்பவருக்கும் உள்ள தூரத்தை அந்தக் கேள்வி வேண்டுமென்றே அழித்துவிடுகிறது. தமிழர் பக்கத்திலும் இதற்கு மறுபாதி உண்டு. முரளிதரன் வாழ்க்கைப் படத்திலிருந்து 2020 ஒக்டோபரில் நடிகர் விஜய் சேதுபதி விலக நேர்ந்தது, எந்த அணிக்காக ஆடினார் என்பதே ஒரு மனிதரின் அரசியலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையாலும்தான். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த மலையகத் தமிழர், தமிழர் சிலருக்குப் போதிய தமிழராக இல்லாமல் போனார்.

அரசு என்ற அளவுகோலுக்கு வந்தால், இந்தக் கரை ஓர் எதிர்பாராத பாடத்தைத் தருகிறது. இங்கே விளையாட்டுக் கழகங்கள் பதிவாவதும் போட்டியிடுவதும் பிரதேச செயலகம் வழியே. பிரதேச விளையாட்டு விழா, மாவட்டம், மாகாணம், கடைசியில் தேசிய விளையாட்டு விழா. ஆகவே நிர்வாக எல்லை எங்கே விழுகிறதோ அங்கே அணியும் வெட்டப்படுகிறது. வடக்கு கிழக்கு ஒரே மாகாணமாக இருந்தபோது ஒரு மாகாண அணி. 2006 உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2007 ஜனவரியில் பிரிந்தபோது இரண்டு. நேற்று ஒரே சட்டையில் ஓடிய மன்னார்ப் பையனும் பொத்துவில் பையனும் மறுநாள் எதிரணி. அவர்களிடையே எதுவும் மாறவில்லை, கோடு மட்டும் மாறியது.

கீழே வந்தால் இன்னும் கூர்மை. கல்முனையில் தமிழ்ப் பிரிவுக்கு முழுத் தரமுள்ள தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்று 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. முஸ்லிம் தரப்பிலிருந்து எதிர்ப்பும் எழுந்தது. தனிப் பிரதேச செயலகம் உள்ள சாய்ந்தமருது, கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனக்கென ஒரு சபை கேட்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளியானது, சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மொழியும் சமயமும் ஒன்றாக இருக்கும் இரண்டு அயலூர்கள் ஏன் பிரிய வேண்டும் என்று கேட்பவர்கள், ஸ்கொட்லாந்துக்காரரிடமும் அதைத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஊர் என்பது இந்தக் கரையில் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் இருப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகம், மீன்பிடித் துறை, வயற்கண்டம், விளையாட்டுக் கழகம் எல்லாம் கொளுவிய முடிச்சு அது. மென்பந்துச் சுற்றுப்போட்டியில் அந்த முடிச்சு இறுகுவதை எவரும் தேசியவாதம் என்று சொல்வதில்லை. அதே முடிச்சு கிளாஸ்கோவில் இறுகியபோது சர்வதேசப் போட்டி என்று பெயர் வந்தது.

எதுவரை சொல்லலாம்

நான்கு விளக்கங்களில் முதலாவதே அதிகமான சந்தர்ப்பங்களுக்குப் பொருந்துகிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. கதவு சாத்தப்படும் முன் பதிவான சங்கம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்கு அணி கிடைத்தது. அரசும் உணர்வும் பெரும்பாலும் பின்னர் வந்து அந்த அணியில் குடியேறின. 1872 கிளாஸ்கோ இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே ஆட்டமே சங்கத்தைப் பெற்றது. வங்காளதேசம் இன்னொன்று. விதிவிலக்குகள் இன்னும் பெருகினால் மதிப்பீட்டை மாற்ற வேண்டி வரலாம்.

தீராமல் கிடப்பவையும் உண்டு. 2028இல் கரீபியன் நாடுகள் ஒலிம்பிக்குக்காகப் பிரிந்தால், அடுத்து வரும் டெஸ்ட் தொடருக்கு அவை பழையபடி கூடுமா, அல்லது ஒரு முறை பிரிந்த தழும்பு நிற்குமா? சன்சிபாருக்கு மூடிய கதவு ஜிப்ரோல்டருக்குத் திறந்ததற்கு நீதிமன்றம் காரணமா, கண்டம் காரணமா? மூர்ஸ் கழகத்திலும் தமிழ் யூனியனிலும் நடந்த கலப்பு, கழகங்கள் ஊர்ப் பெயரிலேயே பிறக்கும் ஒரு கரையில் நடக்கக் கூடியதா? கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் மாலை நேரத்தில் இறங்கும் பையன்கள் எந்தப் பிரதேச செயலகத்தின் அணிக்குப் பதிவாவார்கள் என்பதே இன்னும் கோப்பில் கிடக்கிறது.